கீழாநெல்லியும் யூரிக் அமிலமும்

ஐம்பது வயதைத் தொட்டவர்கள் எடுத்து வரும் முழு உடல் பரிசோதனை அறிக்கையில், சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக இப்போது எல்லோர் கண்ணும் போய் நிற்கும் வரி ‘யூரிக் ஆசிட்’. எல்லையைத் தாண்டியிருந்தால் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். 7.4, 7.9, சிலருக்கு 9. அறிக்கை வீட்டுக்குள் வந்ததுமே ஆளாளுக்கு யோசனை சொல்லத் தொடங்குவார்கள். பருப்பை நிறுத்து என்பார் ஒருவர். தக்காளியும் கீரையும் ஆகாது என்பார் இன்னொருவர். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடி, தானாக இறங்கிவிடும் என்பார் வீட்டுப் பெரியவர்.

முதல் இரண்டு யோசனைகளிலும் சரக்கு குறைவு. அவற்றைப் பிறகு பார்க்கலாம். மூன்றாவதில் சரக்கு உண்டு. ஆனால் எவ்வளவு உண்டு, உடலின் எந்த இடத்தில் அது வேலை செய்கிறது, எதுவரை அதை நம்பலாம் என்று பிரித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்வதும் தவறு, ஒதுக்கித் தள்ளுவதும் தவறு.

முதலில் யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் செல்கள் ஒவ்வொன்றிலும் உள்ள டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றில் பியூரின் என்ற கூறு இருக்கிறது. பழைய செல்கள் அழிந்து புதியவை வரும்போது அந்தப் பியூரினும் சிதைகிறது. சிதைவின் கடைசி இரண்டு படிகளைச் செய்து முடிப்பது சாந்தீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி. இந்த வேலை பெரும்பாலும் கல்லீரலில் நடக்கிறது. முடிவில் கிடைக்கும் கழிவுதான் யூரிக் அமிலம். நாம் சாப்பிடும் உணவிலிருந்து வரும் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான்; மிச்சம் முழுவதும் உடல் தானே உண்டாக்குவது. ஆட்டு ஈரலையும் மத்தி மீனையும் அறவே விட்டவர்களுக்குக்கூட எண் அவ்வளவாக இறங்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

மற்றப் பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் உடலில் யூரிகேஸ் என்ற இன்னொரு நொதி இருந்து, யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்ற, நீரில் எளிதாகக் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது. மனிதனும் மனிதக் குரங்குகளும் அந்த நொதிக்கான மரபணுவைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டன. ஆகவே எலியின் ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் யூரிக் அமிலம் நம் ரத்தத்தில் பல மடங்கு இருக்கிறது. இதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வைப் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

ரத்தத்தில் யூரிக் அமில உப்பு கரைந்து நிற்பதற்கு ஓர் எல்லை உண்டு: டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ஊசி முனைப் படிகங்களாக உறையும் வாய்ப்பு வருகிறது. குளிர்ச்சியான இடத்தில் உறைவது சுலபம். உடலின் மையத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கும் கால் கட்டைவிரல் மூட்டு அதற்குத் தோதான இடம். படிகத்தைக் கண்ட வெள்ளணுக்கள் அதை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும்போது, நள்ளிரவில் கட்டைவிரல் செக்கச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும் வலி எடுக்கிறது. அதுதான் கவுட். 6.8ஐத் தாண்டிய எல்லோருக்கும் இது வருவதில்லை. பலர் எட்டிலும் ஒன்பதிலும் ஆண்டுக்கணக்கில் எந்த வலியும் இல்லாமல் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து தொடங்க அவசரப்பட வேண்டாம் என்றே அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வலி இல்லாத ஓர் எண்ணைப் பார்த்துப் பதறுவது நம் ஊரில் இப்போது அதிகமாகிவிட்டது.

ஏரியில் நீர்மட்டம் ஏறினால் காரணம் இரண்டில் ஒன்று: வரத்து கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் மதகு சரியாகத் திறக்காமல் இருக்க வேண்டும். யூரிக் அமிலமும் அப்படித்தான். இதில் பத்தில் ஒன்பது பேருக்குக் கோளாறு மதகில் இருக்கிறது. உடலிலிருந்து வெளியேறும் யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவும், மீதி குடல் வழியாகவும் போகிறது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது யூரிக் அமிலமும் சேர்ந்து இறங்குகிறது. ஆனால் இறங்கியதில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சிறுநீரக நுண்குழல் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. இப்படி உறிஞ்சும் புரதத்தை 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் யுராட்-1. காசநோய்க்குக் கொடுக்கும் பைரஸினமைடு மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றுவது இந்தப் புரதத்தைத் தூண்டிவிடுவதால்தான். ரத்த அழுத்தத்துக்கான தையசைடு வகை நீர்மாத்திரைகளும், இதயத்துக்காகத் தினமும் போடும் சிறு அளவு ஆஸ்பிரினும்கூட சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தைத் தேக்கி வைக்கின்றன. கீழாநெல்லி தேடிப் போவதற்கு முன், நாம் விழுங்கும் மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

ஆங்கில மருத்துவத்திலும் மருந்து இந்த இரண்டு பக்கமாகவே பிரிந்திருக்கிறது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கி 1966இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அலோபியூரினால், சாந்தீன் ஆக்சிடேஸைத் தடுத்து வரத்தைக் குறைக்கிறது. பென்ஸ்புரோமரோன், புரோபெனெசிட் போன்றவை திரும்ப உறிஞ்சுவதைத் தடுத்துச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றுகின்றன. ஆகவே ஒரு மூலிகை யூரிக் அமிலத்தைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தப் பக்கத்தில்?

இனி செடிக்கு வருவோம். மழை பெய்து நாலைந்து நாள் கழிந்ததும் தென்னந்தோப்பிலும் வரப்போரத்திலும் கிணற்றடி ஈரத்திலும் தானாக முளைத்து நிற்கும் சிறு செடி. ஓரடி, மிஞ்சினால் இரண்டடி உயரம். புளிய இலையைச் சின்னதாக்கி அடுக்கினாற்போல இரு பக்கமும் இலைகள். மேலிருந்து பார்த்தால் வெறும் கீரைச்செடி. ஒரு கிளையைப் பிடித்துத் திருப்பினால்தான் விஷயம் தெரியும்: இலைக் கணுக்களின் அடியில் கடுகளவுக் காய்கள் வரிசையாகத் தொங்கும். முற்றிய காயை நகத்தால் அழுத்தினால் மூன்றாகப் பிளந்து ஆறு விதைகள் சிதறும். இலையை மென்றால் கசப்பு நாக்கின் பின்புறத்தில் வெகுநேரம் நிற்கும்.

இந்த வர்ணனைக்குப் பொருந்தும் செடிகள் நம் மண்ணில் ஒன்றல்ல, பல. தாவரவியலார் பிலாந்தஸ் அமரஸ் என்று சொல்வதுதான் நம் மருத்துவத்தில் பெரிதும் புழங்கும் கீழாநெல்லி. அதன் பூவில் இதழ்போன்ற புல்லிகள் ஐந்து. பக்கத்திலேயே முளைக்கும் பிலாந்தஸ் ஃபிராட்டர்னஸ், பிலாந்தஸ் டெபிலிஸ் இரண்டுக்கும் ஆறு. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் அது பிலாந்தஸ் யூரினேரியா. நம் பழைய தாவரவியல் நூல்கள் இவை எல்லாவற்றையும் பிலாந்தஸ் நிரூரி என்று ஒரே பெயரில் எழுதிவைத்தன. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் அந்தப் பெயரில் சொல்லப்பட்டவை வேறு வேறு இனங்களின் கலவை என்று இந்தியத் தாவரவியலாளர்கள் 1985இல் எடுத்துக்காட்டினார்கள். பெயர்ச் சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. செடிக்குள் இருக்கும் வேதிப்பொருளின் அளவு இனத்துக்கு இனம் பெரிதும் மாறுகிறது. ஓர் இனத்தில் கண்ட பலனை இன்னோர் இனத்தின் தலையில் ஏற்றுவது நடக்காத காரியம்.

நம் சித்த மருத்துவம் கீழாநெல்லியைக் கல்லீரலுக்கும் சிறுநீருக்கும் உரிய மூலிகையாகப் பார்த்தது. மஞ்சள் காமாலைக்கு அது முதல் மருந்து. நீர்க்கடுப்பு, நீரடைப்பு, உடல் சூடு ஆகியவற்றுக்கும் அதைக் கொடுத்தார்கள். யூரிக் அமிலத்துக்குச் சித்தர்கள் சொன்னது என்று இன்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அது சரியல்ல. யூரிக் அமிலம் என்ற பொருளையே 1776இல்தான் ஷீலே என்ற வேதியியலாளர் சிறுநீரகக் கல்லிலிருந்து பிரித்தெடுத்தார். கவுட் நோயாளியின் ரத்தத்தில் அது மிகுந்திருக்கிறது என்று லண்டனில் ஆல்ஃபிரட் காரட் காட்டியது 1848இல். நம் முன்னோர் அறிந்தது நோயாளியின் வலியையும் வீக்கத்தையும் சிறுநீரின் போக்கையும். அந்த அறிவே பெரிது. அதன்மேல் அவர்கள் சொல்லாததை ஏற்றிவைக்க வேண்டியதில்லை. சிறுநீரைப் பெருக்கி உள்ளிருக்கும் வேண்டாததை இறக்கும் மூலிகை என்று அவர்கள் கணித்த இடமும், இன்றைய ஆய்வு கைகாட்டும் இடமும் ஒன்றாக இருப்பதே போதுமான சிறப்பு.

அந்தக் கசப்பின் பின்னால் போனவர் நம் ஊர்க்காரர். குளித்தலையில் பிறந்த வேதியியல் அறிஞர் டி.ஆர். சேஷாத்ரி, வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கிருஷ்ணமூர்த்தி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1946இல் கீழாநெல்லியின் கசப்புப் பொருளைப் பற்றி எழுதினார். அந்தப் பொருள் பிலாந்தின். லிக்னன் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கூடவே ஹைப்போபிலாந்தின் என்ற, கசப்பில்லாத இன்னொரு லிக்னனும் செடியில் உண்டு.

பிலாந்தினுக்கும் யூரிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பு தெரிய அறுபது ஆண்டு ஆயிற்று. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விக்னேஸ்வரன் முருகையா, சான் கிட் லாம் என்ற இரு ஆய்வாளர்கள் பிலாந்தஸ் நிரூரி என்ற பெயரில் எழுதிய கீழாநெல்லியின் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிக்குத்தான் யூரிகேஸ் உண்டே, யூரிக் அமிலம் எப்படி ஏறும்? பொட்டாசியம் ஆக்சோனேட் என்ற பொருளைக் கொடுத்து அந்த நொதியை முடக்கி, யூரிக் அமிலத்தையும் செலுத்தி, எலியைச் சிறிது நேரத்துக்கு மனிதன் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு சாற்றைக் கொடுத்தபோது யூரிக் அமிலம் இறங்கியது. சாற்றைப் பிரித்துக்கொண்டே போனதில், வேலை செய்தது பிலாந்தின், ஹைப்போபிலாந்தின், ஃபில்டெட்ராலின் என்ற மூன்று லிக்னன்கள் என்று 2006இல் எழுதினார்கள்.

2009இல் வந்த அடுத்த கட்டுரைதான் நமக்கு முக்கியம். அதில் அவர்கள் கேட்டது மேலே நாம் கேட்ட அதே கேள்வி: எந்தப் பக்கத்தில்? சோதனைக் குழாயில் முழுச்சாறு சாந்தீன் ஆக்சிடேஸைத் தடுத்தது. ஆனால் பிரித்தெடுத்த லிக்னன்கள் அந்த நொதியை அவ்வளவாகத் தொடவே இல்லை. மாறாக, எலியின் சிறுநீரில் யூரிக் அமிலம் கூடுதலாக வெளியேறியது. முழுச்சாறு கொடுத்தபோது ஏறத்தாழ 1.7 மடங்கு, லிக்னன்களைக் கொடுத்தபோது 2.5 மடங்கு வரை. அடுத்து அவர்கள் செய்தது மிகவும் அழகான சோதனை. பிலாந்தினோடு பைரஸினமைடையும் சேர்த்துக் கொடுத்தார்கள். யூரிக் அமிலம் வெளியேறுவது சட்டென்று குறைந்தது. பென்ஸ்புரோமரோனோடு பைரஸினமைடைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுவேதான் ஆயிற்று. அதாவது, நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எங்கே அடைப்போ, சிறுநீரக நுண்குழலின் அந்த இடத்தில்தான் பிலாந்தினும் கை வைக்கிறது என்று கருத இடமிருக்கிறது.

இந்த முடிவை நான் உயர்வாக மதிக்கிறேன். மூலிகை ஆய்வு என்ற பெயரில் வருவனவற்றில் பெரும்பாலானவை சாந்தீன் ஆக்சிடேஸைச் சோதனைக் குழாயில் தடுத்தது என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. துவர்ப்புள்ள இலை, பட்டை, தேயிலை எதைப் போட்டாலும் குழாயில் அந்த நொதி கொஞ்சம் தடைப்படும். குழாயில் நடப்பது குடலைத் தாண்டி ரத்தத்தில் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. பினாங்கு ஆய்வாளர்கள் அதற்கு மேலே போய், வழியைத் தேடிப் பிடித்தார்கள்.

ஆனால் அந்த ஆய்வின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். எலி மனிதனல்ல, அதன் யூரிக் அமிலம் மருந்தால் ஏற்றப்பட்டது, நமக்கோ பல ஆண்டாக ஏறி நிற்பது. அவர்கள் பயன்படுத்தியது மெத்தனாலில் இறக்கிய சாறு. லிக்னன்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. நாம் இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்கும் கஷாயத்தில் பிலாந்தின் எவ்வளவு இறங்கும் என்பது வேறு கணக்கு. சிறுநீரில் எவ்வளவு வெளியேறியது என்று அளந்தபோது முழுச்சாற்றை வாய்வழி ஊட்டவில்லை, வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். இலையைச் சக்கையோடு அரைத்து விழுங்கும் நம் பழைய வழக்கம், கஷாயத்தைவிட இந்த லிக்னன்களை உள்ளே கொண்டுபோக ஏற்றது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அதையும் யாராவது அளந்து காட்டினால்தான் அடித்துச் சொல்லலாம்.

மனிதர்களிடம் பார்த்தவர்கள் பிரேசில் நாட்டினர். அங்கே உண்மையான நிரூரி வளர்கிறது; ‘கல்லுடைப்பான்’ என்ற பொருளில் கெப்ரா-பெட்ரா என்று அழைத்து, சிறுநீரகக் கல்லுக்குத் தலைமுறைகளாகக் கஷாயம் போட்டுக் குடிக்கிறார்கள். சாவோ பாவ்லோவின் மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அதைச் சோதித்து வருகிறார்கள். 2018இல் வெளியான ஆய்வில், சிறு கற்கள் உள்ள 56 நோயாளிகளுக்கு 12 வாரம் அந்தச் செடியைக் கொடுத்தார்கள். கற்களின் எண்ணிக்கை சராசரியாகக் குறைந்தது. சிறுநீரில் யூரிக் அமிலம் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது இறங்கியது. ரத்தப் பரிசோதனையில் கெடுதல் எதுவும் தென்படவில்லை.

கவனமாக வாசிப்பவர் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். பினாங்கு எலிகளுக்குச் சிறுநீரில் யூரிக் அமிலம் ஏறியது. பிரேசில் நோயாளிகளுக்கு இறங்கியது. இரண்டும் எப்படிச் சரியாகும்? இனம் வேறாக இருக்கலாம்; சாறு வேறு, நோயாளி வேறு. எலிக்கு ஒரு வேளைப் பாய்ச்சல், மனிதருக்கு மூன்று மாதப் பழக்கம். தொடக்கத்தில் தேங்கியதை வெளியேற்றிவிட்டுப் பிறகு உற்பத்தியும் சற்றுக் குறைந்து புதிய சமநிலைக்கு வந்திருக்கலாம் என்பது என் ஊகம். மொத்தத்தில், ரத்தத்தில் யூரிக் அமிலம் உயர்ந்த மனிதர்களை மட்டும் சேர்த்து, நம் கீழாநெல்லியைக் கொடுத்து, போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பெரிய அளவில் நடத்த வேண்டிய சோதனைக்கான அடித்தளம் இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருக்கிறது. மருந்துச் சீட்டில் எழுதிக்கொடுக்கும் அளவுக்கான ஆதாரம் அவற்றில் இல்லை.

ஏன் இவ்வளவு தயங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கீழாநெல்லியின் வரலாறே பதில் சொல்கிறது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குப் பிலாந்தஸ் அமரஸ் பொடியை 30 நாள் கொடுத்ததில் 59 சதவீதத்தினர் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. போலி மருந்து வாங்கியவர்களில் 4 சதவீதத்தினருக்கு மட்டுமே அப்படி ஆயிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. நியூசிலாந்திலும் வரவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடித்தது. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், இனம் ஆகியவற்றால் வந்த வேறுபாடாக இருக்கலாம் என்று அப்போது பேசினார்கள். சென்னைக் குழுவினர் செய்தது நேர்மையான, துணிச்சலான வேலை. ஆனால் ஒரு மூலிகையை ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் கொடுக்க வழிசெய்யாத வரை, ஒரு நல்ல முடிவு ஒரே ஒரு நல்ல முடிவாகவே நின்றுவிடும். யூரிக் அமில விஷயத்திலும் அதே ஆபத்து காத்திருக்கிறது.

மோரைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கணக்கு முழுமை பெறாது. பாலில் உள்ள புரதங்கள் சிறுநீரில் யூரிக் அமிலம் வெளியேறுவதைக் கூட்டுகின்றன என்பது மனிதர்களிடமே பார்த்து அறிந்த செய்தி. 2004இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு 47,150 ஆண்களை 12 ஆண்டு தொடர்ந்து கவனித்தது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடுதலாக வந்தது. பால் பொருள்கள், குறிப்பாகக் கொழுப்பு நீக்கியவை, எடுத்தவர்களுக்குக் குறைவாக வந்தது. பியூரின் உள்ள பருப்பு, பட்டாணி, கீரை, காளான் ஆகியவற்றால் கவுட் கூடவில்லை. ஆகவே சாம்பாரை நிறுத்தச் சொன்னவரையும் கீரையைத் தடுத்தவரையும் மரியாதையாக மறுத்துவிடலாம். கொழுப்பெடுத்த மோரில் கீழாநெல்லியைக் கலக்கிக் குடித்து எண் இறங்கினால், அதில் மோருக்கும் ஒரு பங்கு உண்டு. பத்தியம் என்று கறி, மீன், மது மூன்றையும் அந்த நாள்களில் விட்டதற்கும் ஒரு பங்கு உண்டு. பீரும், இனிப்புக் குளிர்பானத்தில் உள்ள ஃபிரக்டோஸும் யூரிக் அமிலத்தை நேரடியாக ஏற்றுபவை. நெத்திலிக் கருவாட்டை விட்டுவிட்டு அவற்றைத் தொடர்பவர் எந்த மூலிகையாலும் தப்ப முடியாது.

கட்டைவிரல் வீங்கித் துடிக்கும் வேளையில் கீழாநெல்லி உதவாது. யூரிக் அமிலத்தைக் குறைப்பது ஒன்று, படிகத்தால் எழுந்த அழற்சியை அடக்குவது வேறொன்று. அழற்சியை அடக்க மருத்துவர் கொடுக்கும் கோல்சிசின் மாத்திரை, நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கும் பொருள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கண்வலிக்கிழங்குத் தோட்டங்களில் பந்தலிட்டு வளர்த்து, அதன் விதையை வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். கோல்சிசின் யூரிக் அமிலத்தை இம்மியும் குறைக்காது. வெள்ளணுக்கள் படிகத்தை நோக்கிப் பாய்வதை மட்டும் தடுக்கும். மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அந்தக் கிழங்கைத் தின்று உயிர்விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. அதை யாரும் வீட்டு வைத்தியமாகத் தொடவே கூடாது.

கோல்சிசினைப் பேசியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் முக்கியமான ஒரு நொதியைப் பிலாந்தஸ் அமரஸ் சாறு தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகளிலும் எலிகளிலும் தெரிந்திருக்கிறது. கோல்சிசினைச் சிதைப்பதும் அதே நொதிதான். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் கோல்சிசின் உடலில் தேங்கும் அபாயத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆகவே கோல்சிசின் எடுக்கும் நாள்களில் கீழாநெல்லி வேண்டாம். செடிக்குச் சிறுநீரைப் பெருக்கும் குணம் உண்டு. 1995இல் வெளியான ஒரு சிறிய இந்திய ஆய்வில், லேசான ரத்த அழுத்தம் உள்ள 9 பேருக்கு 10 நாள் கொடுத்தபோது சிறுநீர் கூடியது, அழுத்தமும் சர்க்கரையும் இறங்கின. இது பலருக்கு நல்ல செய்தி. ஏற்கெனவே அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை போடுபவருக்கோ, சொல்லாமல் சேர்த்துக்கொண்டால் தலைசுற்றலில் கொண்டுவிடும். கர்ப்பிணிகளும் சிறுநீரகம் பழுதானவர்களும் தாமாகத் தொடங்கக் கூடாது.

சிறுநீர் வழியே யூரிக் அமிலத்தை வெளியேற்றும் எந்த மருந்துக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு: தண்ணீர். சிறுநீர் குறைவாகவும் புளிப்பாகவும் இருந்தால், வெளியேறும் யூரிக் அமிலம் சிறுநீரகத்திலேயே கல்லாக உறையும். வெயிலில் நின்று வேலை செய்து, நாளெல்லாம் இரண்டு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்பவர் காலையில் ஒரு உருண்டை கீழாநெல்லி விழுங்குவதில் பயனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. இரண்டரை லிட்டராவது குடிக்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் நிறுத்த வேண்டும்.

அப்படியானால் யார் எடுத்துப் பார்க்கலாம்? ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் எண் நின்று, கவுட் வலியோ கல்லோ இதுவரை வராமல், வேறு மாத்திரை அதிகம் இல்லாதவர் ஒரு பட்டம் பெற்ற சித்த மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் அளவில், இனம் தெரிந்த செடியை எடுக்கலாம். தொடங்கும் முன் ரத்தம் கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டும். இறங்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். கவுட் பலமுறை வந்தவர், மூட்டில் வெண்கட்டி திரண்டவர், யூரிக் அமிலக் கல் உள்ளவர் ஆகியோருக்கு எண் ஆறுக்குக் கீழே நிலையாக நிற்க வேண்டும். அதைச் செய்யும் என்று நிரூபணமானது அலோபியூரினால் போன்ற மாத்திரைதான். மூலிகையை நம்பி அதை நிறுத்தியவருக்குச் சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும், வலியும் பின்னாலேயே வரும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஆதங்கம் ஒன்று உண்டு. செடி நம் வரப்பில் முளைக்கிறது. அதன் கசப்பை ஆராய்ந்தவர் குளித்தலைக்காரர். அது சிறுநீரகத்தில் செய்யும் வேலையைக் கண்டறிந்தது பினாங்கில், மனிதர்களிடம் பார்த்தது சாவோ பாவ்லோவில். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த மருத்துவ ஆராய்ச்சிக்கென்றே மத்தியக் குழு ஒன்று சென்னையில் இருக்கிறது. புல்லி ஐந்துள்ள அமரஸ்தானா என்று சரிபார்த்த செடி, பிலாந்தின் அளவு குறித்த பொடி, யூரிக் அமிலம் உயர்ந்த நோயாளிகள் இரு பிரிவு, 12 வாரம், ரத்தமும் 24 மணி நேரச் சிறுநீரும். இதற்குப் பெரும் பணம் வேண்டாம், புதிய கருவி வேண்டாம். அந்தச் சோதனையை அவர்கள் எடுத்து நடத்த வேண்டும். பலன் வந்தாலும் வராவிட்டாலும் முடிவைத் தமிழில் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.